சென்டன்ஸ் கரெக்‌ஷன்: காதை நம்பாம வெர்பைத் தேடுங்க

எம்பிஏ, எம்சிஏ என்ட்ரன்ஸ் எழுதப் போறவங்க, வெளிநாட்டுல டிகிரி படிக்க எஸ்ஏடி எழுதப் போற பிளஸ் டூ பசங்க, யாரா இருந்தாலும் இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு வகை கேள்வியப் பாத்ததும் கை நின்னுடும். ஒரு வாக்கியம் குடுத்திருப்பாங்க, அதுல ஒரு பகுதிக்கு அடியில கோடு போட்டிருப்பாங்க, கீழ நாலோ அஞ்சோ ஆப்ஷன் இருக்கும், எது சரினு எடுக்கணும். இதுக்குப் பேரு தான் சென்டன்ஸ் கரெக்‌ஷன். சில பரீட்சைல வாக்கியத்தத் துண்டு துண்டாக்கி எந்தத் துண்டுல தப்புனு கேப்பாங்க, சிலதுல நடுவுல ஒரு இடத்தக் காலியா விட்டுட்டு அங்க எது வரும்னு கேப்பாங்க. ஆள் வேற வேற சட்டை போட்டுட்டு வந்தாலும் உள்ள கேக்குற விஷயம் ஒண்ணு தான்.

சேலத்துல நான் சொல்லிக்குடுக்குற பசங்கள்ல நிறைய பேரு அரசுப் பள்ளில தமிழ் மீடியம் படிச்சு, அப்புறம் பிகாம், பிஎஸ்சினு முடிச்சவங்க, வீட்டுல முதல் தலைமுறையா காலேஜ் போனவங்களும் அதுல உண்டு. இவங்க எல்லாருக்கும் ஒரே பயம், "நமக்கு இங்கிலீஷ் காது கிடையாது, இதெல்லாம் கான்வென்ட்ல படிச்சவங்களுக்குத் தான் வரும்". நான் அடிச்சுச் சொல்றேன், இங்கிலீஷ் பேப்பர்லயே தமிழ் மீடியம் பசங்க சீக்கிரமா மார்க் ஏத்தக்கூடிய இடம் இது தான். ரீடிங் காம்ப்ரிஹென்ஷனுக்கு வருஷக்கணக்குல படிச்ச பழக்கம் வேணும், வொகாபுலரிக்கு முடிவே இல்ல. சென்டன்ஸ் கரெக்‌ஷன்ல அப்படி இல்ல, திரும்பத் திரும்ப வர்ற தப்பு ஏழெட்டு வகைக்குள்ள அடங்கிடும், ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கலாம், கிட்டத்தட்ட கணக்கு போடுற மாதிரியே. அதுவும் கேள்வி எடுக்கிறவங்க வேணும்னே காதுக்கு நல்லா இருக்கிற மாதிரி தப்பையும், காதுக்கு உறுத்துற மாதிரி சரியான விடையையும் வைப்பாங்க. அதனால காத நம்பி ஓட்டுறவங்க தான் இதுல வழுக்குவாங்க.

எந்தப் பரீட்சைல இது வருதுனு முதல்ல பாத்துக்கோங்க, ஏன்னா தேவையில்லாத எடத்துல நேரம் போகக் கூடாது. நம்ம ஊருப் பசங்க அதிகமா எழுதறது டான்செட், அண்ணா யுனிவர்சிட்டி நடத்துறது. அதோட எம்பிஏ பேப்பர்ல எழுத்து இங்கிலீஷ்ல வர்ற யூசேஜ், கிராமர், பங்ச்சுவேஷன் தப்புகளக் கேக்க ஒரு தனிப் பகுதியே இருக்கு. தப்பா போட்டா மூணுல ஒரு பங்கு மார்க் குறைப்பாங்க. என்மேட்ங்கிற எம்பிஏ என்ட்ரன்ஸ்லயும் இந்த மாதிரி கேள்வி வரும், அதுல நெகட்டிவ் மார்க் இல்ல. ஐஐஎம்ல எம்பிஏ சேர எழுதுற கேட் எக்ஸாம்ல சமீப வருஷங்கள்ல நேரடியா கிராமர் கேக்குறதில்ல, அங்க பேசேஜும் பாராவ வரிசைப்படுத்துறதும் தான். வெளிநாட்டு எம்பிஏவுக்கு எழுதுற ஜிமேட் தான் ஒரு காலத்துல இதுக்குப் பேர் போனது, ஆனா 2023 நவம்பர்ல வந்த புது ஜிமேட்ல சென்டன்ஸ் கரெக்‌ஷன அப்படியே தூக்கிட்டாங்க, பழைய புக்க வச்சுகிட்டு ஜிமேட்டுக்காக இதப் படிக்கிறவங்க உடனே நிறுத்திடலாம். அதே பழைய ஜிமேட் கேள்விங்க டான்செட், என்மேட்டுக்குப் பழக ரொம்ப நல்லது, தாராளமா போடுங்க. எஸ்ஏடி இப்ப முழுசா கம்ப்யூட்டர்ல தான், ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதில 64 நிமிஷத்துக்கு 54 கேள்வி, அதுல ஏறக்குறைய கால்வாசி கிராமரும் பங்ச்சுவேஷனும் தான்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

வாக்கியத்தப் படிச்சதும் முதல் வேலை, வெர்ப் எதுனு பாக்குறது. ரெண்டாவது வேலை, அந்த வெர்பப் பாத்து "யாரு? எது?"னு கேக்குறது. ஆறாம் வகுப்புல தமிழ் வாத்தியார் எழுவாய், பயனிலை சொல்லிக்குடுத்தப்ப நம்மள இதத் தான் பண்ண வச்சாரு, பயனிலையப் பிடி, யார் எது எவைனு கேளு, எழுவாய் வந்துடும். இங்கிலீஷுக்கும் அதே வேலை தான். நம்ம மொழில பயனிலை கடைசில வந்து உக்காந்திருக்கும், தேட வேண்டியதில்ல. இங்கிலீஷ்ல அது நடுவுல எங்கயோ இருக்கும், அதுக்கும் எழுவாய்க்கும் நடுவுல ஒரு கும்பலே நிக்கும். அந்தக் கும்பல ஒதுக்குறது தான் பாதிக் கலை.

இதப் பாருங்க: "தி டேஸ்ட் ஆஃப் தி மேங்கோஸ் க்ரோன் இன் தி வில்லேஜஸ் அரௌண்ட் சேலம் டிபெண்ட் ஆன் தி சாயில்." படிச்சா நல்லா தான் இருக்கு. மேங்கோஸ் வருது, வில்லேஜஸ் வருது, எல்லாம் பன்மை, அப்புறம் டிபெண்ட் வருது, காதுக்கு ஒண்ணும் உறுத்தல. இப்ப வேலையப் பண்ணுவோம். வெர்ப் எது? டிபெண்ட். எது டிபெண்ட் ஆகுது? மாம்பழமா? இல்ல. கிராமமா? இல்ல. டேஸ்ட் தான். டேஸ்ட் ஒருமை, அப்ப டிபெண்ட்ஸ் தான் வரணும். "ஆஃப் தி மேங்கோஸ்"ல ஆரம்பிச்சு "சேலம்" வரைக்கும் இருக்கிறது எல்லாம் சக்கை. பலாப்பழத்துல சக்கைய ஒதுக்கிட்டு சுளைய எடுக்கிற மாதிரி, ஆஃப், இன், ஆன், வித், ஃப்ரம், அரௌண்ட்னு தொடங்குற துண்டுங்கள எல்லாம் பென்சிலால அடிச்சுட்டு மிச்சத்தப் படிங்க. "தி டேஸ்ட் டிபெண்ட் ஆன் தி சாயில்". இப்ப தப்பு தானா தெரியும்.

இந்தத் தப்புல நம்ம ஆளுங்க அதிகமா மாட்டுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. பேச்சுத் தமிழ்ல "ஒரு மாம்பழம் இருக்கு"னு சொல்லுவோம், "பத்து மாம்பழம் இருக்கு"னும் சொல்லுவோம், வினை மாறாது. அஃறிணைக்கு ஒருமை பன்மை பாக்குற பழக்கமே வாய்ல இல்ல, அப்புறம் காது எப்படிக் கண்டுபிடிக்கும். அதனால இது கண்ணு வேலை. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு சின்னப் பிடி: நிகழ்காலத்துல நவுன்ல எஸ் இருந்தா வெர்ப்ல எஸ் இருக்காது, நவுன்ல எஸ் இல்லைனா வெர்ப்ல எஸ் இருக்கும். டேஸ்ட் டிபெண்ட்ஸ், டேஸ்ட்ஸ் டிபெண்ட். பீப்பிள், சில்ட்ரன் மாதிரி எஸ் இல்லாத பன்மைக்கும், ஐ, யூ ரெண்டுக்கும் இது ஒத்து வராது, அதத் தவிர பெரும்பாலும் ஓடும்.

இதுலயே இன்னும் சில பொறி உண்டு, சட்டுனு சொல்லிடறேன். "அலாங் வித்", "ஆஸ் வெல் ஆஸ்", "டுகெதர் வித்" இதெல்லாம் ஆள் சேத்தாலும் எழுவாயப் பன்மையாக்காது, "ஆண்ட்" மட்டும் தான் பன்மையாக்கும், அதனால "தி கலெக்டர், அலாங் வித் டூ ஆஃபீசர்ஸ், ஈஸ் விசிட்டிங் ஏற்காடு" சரி, ஆர் போட்டா தப்பு. ஈச், எவ்ரி வந்தா ஒருமை. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்"னு வந்தா ஃப்ரெண்ட்ஸ்ல எஸ் கட்டாயம், ஆனா வெர்ப் ஒன்னுக்குத் தான் போகணும், ஈஸ். "தி நம்பர் ஆஃப்" ஒருமை, "ஏ நம்பர் ஆஃப்" பன்மை. ஈதர் ஆர், நெய்தர் நார் வந்தா வெர்புக்குப் பக்கத்துல எந்த நவுன் இருக்கோ அதப் பாத்து போடணும்.

அடுத்தது மாடிஃபையர், அதாவது இன்னொரு வார்த்தைய வர்ணிக்கிற துண்டு. என்னக் கேட்டா இந்த மொத்தப் பகுதிலயும் ரொம்ப அழகான கேள்வி இது தான், ரொம்பப் பேரு தவற விடுறதும் இது தான்.

"ப்ராட் டு தி ஷெவராய் ஹில்ஸ் பை கலெக்டர் காக்பர்ன் இன் தி 1820ஸ், தி எஸ்டேட்ஸ் ஆஃப் ஏற்காடு ஸ்டில் க்ரோ காபி." 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் தான் ஏற்காட்டுக்குக் காபிச் செடிய கொண்டு வந்தாருன்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, அதனால இத ஏற்காடு ஆள் படிச்சா அர்த்தம் உடனே புரிஞ்சிடும், புரிஞ்சிடுறதால தான் தப்பு கண்ணுக்குப் படாது. இங்கிலீஷ்ல ஒரு கறார் விதி இருக்கு, வாக்கியத்துக்கு முன்னாடி இப்படி ஒரு வர்ணனைத் துண்டு வந்து கமா போட்டா, கமாவுக்கு அடுத்து வர்ற எழுவாயத் தான் அது வர்ணிக்கும். கொண்டு வரப்பட்டது எது? காபி. கமாவுக்கு அப்புறம் நிக்கிறது எது? எஸ்டேட்ஸ். அப்ப காக்பர்ன் எஸ்டேட்டத் தூக்கிட்டு வந்து மலை மேல வச்சாருன்னு ஆயிடுது. சரியான விடை, "ப்ராட் டு தி ஷெவராய் ஹில்ஸ் பை கலெக்டர் காக்பர்ன் இன் தி 1820ஸ், காபி ஈஸ் ஸ்டில் க்ரோன் இன் தி எஸ்டேட்ஸ் ஆஃப் ஏற்காடு".

இன்னொண்ணு: "க்ளைம்பிங் தி ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ், சேலம் லுக்ட் ஸ்மால் பிலோ." தமிழ்ல "இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா, கீழ சேலம் குட்டியா தெரியும்"னு சொன்னா ஒரு தப்பும் இல்ல, ஏறினது யாருன்னு நாம சொல்லவே தேவையில்ல, கேக்குறவங்களுக்குத் தெரியும். இங்கிலீஷ்ல அந்த சலுகை கிடையாது, ஏறுனது சேலமேன்னு ஆயிடும். "க்ளைம்பிங் தி ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ், வீ சா சேலம் பிலோ" போட்டா தான் சரி. எழுவாய விட்டுட்டுப் பேசறது தமிழோட சௌகரியம், அந்த சௌகரியத்துலயே வளந்த காது இந்தத் தப்ப எப்பவும் மன்னிச்சு விட்டுடும். அதனால வாக்கியம் ஐஎன்ஜிலயோ, ஈடிலயோ, "ஹேவிங்"லயோ, "ஆஸ் ஏ"லயோ ஆரம்பிச்சா உடனே கமாவுக்குப் போய் நிக்கணும், "இந்த வேலையச் செஞ்சது கமாவுக்கு அடுத்த ஆள் தானா"னு கேக்கணும். ஆமான்னா தாண்டிப் போங்க, இல்லைனா ஆப்ஷன்ல பாதி அங்கயே காலி.

ஏற்காடு மேல ஒரு ஊர்லருந்து ஞாயித்துக்கிழமை காலை பஸ் பிடிச்சு இறங்கி வர்ற பொண்ணு ஒருத்தி, அப்பா எஸ்டேட்ல வேலை. ஒரு நாள் நோட்டத் தூக்கிட்டு வந்து, "அக்கா, இத எத்தனை தடவை படிச்சாலும் சரியா தான் கேக்குது, ஆன்சர் கீல மட்டும் தப்புனு போட்டிருக்காங்க"னு நின்னா. கேள்வி இது தான்: "தி க்ளைமேட் ஆஃப் ஏற்காடு ஈஸ் கூலர் தேன் சேலம்." நான் ஒண்ணும் சொல்லல, தேன்ங்கிற வார்த்தைக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு, அந்தப் பக்கம் என்ன இருக்குனு மட்டும் தனித்தனியா எழுதச் சொன்னேன். இந்தப் பக்கம் க்ளைமேட்னு எழுதினா, அந்தப் பக்கம் சேலம்னு எழுதினா, ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "அய்யோ அக்கா, க்ளைமேட்டையும் ஊரையும்ல ஒப்பிட்டிருக்காங்க"ன்னா. அவ்ளோ தான் விஷயம். க்ளைமேட்ட க்ளைமேட்டோட தான் ஒப்பிடணும், "தேன் தட் ஆஃப் சேலம்". பன்மையா இருந்தா தட் இல்ல, தோஸ்: "தி சம்மர்ஸ் ஆஃப் சேலம் ஆர் ஹாட்டர் தேன் தோஸ் ஆஃப் ஏற்காடு". நாம தினமும் "சேலத்த விட ஏற்காடு க்ளைமேட் ஜில்லுனு இருக்கும்"னு சொல்றோம், தமிழ்ல அது முழு வாக்கியம், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. அத அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிட்டுப் போனா தான் மாட்டிக்குவோம். தேன், லைக், அன்லைக், காம்பேர்ட் வித், இந்த வார்த்தை எது வந்தாலும் ரெண்டு பக்கத்தையும் தனியா எழுதிப் பாக்குறத ஒரு பழக்கமாவே வச்சுக்கோங்க. அவ இப்ப பேப்பர் ஓரத்துல தேன்னு எழுதி நடுவுல ஒரு கோடு போட்டுடுவா, கேள்வியப் படிக்கிறதுக்கு முன்னாடியே.

டென்ஸ் பத்தி நிறைய பேரு பன்னெண்டு கட்டம் போட்ட டேபிள மனப்பாடம் பண்ணுவாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பரீட்சைல கேக்குறது அதுல மூணு நாலு தான். முக்கியமானது சின்ஸ். "நான் 2015லருந்து சேலத்துல இருக்கேன்"னு நாம நிகழ்காலத்துல சொல்லுவோம், அதனால "ஐ ஆம் லிவிங் இன் சேலம் சின்ஸ் 2015"னு கை தானா எழுதும். அப்ப ஆரம்பிச்சு இப்ப வரைக்கும் நடக்குற விஷயத்துக்கு இங்கிலீஷ்ல ஹேவ், ஹேஸ் வேணும், "ஐ ஹேவ் பீன் லிவிங்". இதையே பரீட்சைல கொஞ்சம் நீட்டிக் கேப்பாங்க: "சின்ஸ் இட் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934, தி மேட்டூர் டேம் சப்ளைட் வாட்டர் டு தி டெல்டா." 1934னு பழைய வருஷத்தப் பாத்ததும் சப்ளைட் சரினு தோணும். சின்ஸ் இருக்கு, தண்ணி இன்னிக்கும் போயிட்டு இருக்கு, அதனால "ஹேஸ் சப்ளைட்" தான். கட்டி முடிச்சது ஒரே நாள் சமாச்சாரம், அதனால "வாஸ் கம்ப்ளீட்டட்" அப்படியே இருக்கட்டும். அடுத்தது ஹேட், பழைய ரெண்டு சம்பவத்துல எது முந்தி நடந்ததோ அதுக்கு மட்டும் தான் ஹேட், ரெண்டுக்கும் போடக் கூடாது, சும்மா பழசுங்கிறதுக்காகவும் போடக் கூடாது.

ப்ரொனவுன்லயும் தமிழ்ப் பழக்கம் ஒண்ணு எட்டிப் பாக்கும். "பேங்க்ல ரூல்ஸ மாத்திட்டாங்க"னு தான பேசுவோம், அதனால "தி பேங்க் ஹேஸ் சேஞ்ச்ட் தெயர் ரூல்ஸ்" படிச்சா ஒண்ணும் தோணாது. பேங்க், கம்பெனி, காலேஜ், கவர்ன்மென்ட் எல்லாம் இந்தப் பரீட்சைங்கள்ல ஒருமைனு தான் எடுத்துக்கணும், இட்ஸ் தான் வரும், அப்போஸ்ட்ரஃபி இல்லாத இட்ஸ், ஏன்னா அப்போஸ்ட்ரஃபி போட்டா அது இட் ஈஸ்னு ஆயிடும். எஸ்ஏடில இந்த ரெண்டு இட்ஸையும் பக்கத்துப் பக்கத்துல ஆப்ஷனா வைப்பாங்க, கவனம். அப்புறம் வாக்கியத்துல ரெண்டு பேரு இருந்து, ஒரு "ஷீ"யோ "தே"யோ வந்தா, அது யாரக் குறிக்குதுனு விரல் வச்சுக் காட்டிப் பாருங்க, விரல் ரெண்டு பக்கமும் போச்சுனா அந்த ஆப்ஷன் சந்தேகத்துக்குரியது.

எல்லா இடத்துலயும் தமிழ்க் காது நமக்கு எதிரி இல்ல, அத நான் அழுத்திச் சொல்லணும். பேரலலிசம்னு ஒரு வகை இருக்கு, வரிசையா சொல்ற விஷயம் எல்லாம் ஒரே அச்சுல இருக்கணும். "தி வொர்க்கர்ஸ் பிக் தி பெர்ரீஸ், சார்ட்டிங் தெம், ஆண்ட் தே ட்ரை தெம் இன் தி சன்." பிக், சார்ட்டிங், தே ட்ரை, மூணும் மூணு தினுசு. "தி வொர்க்கர்ஸ் பிக், சார்ட் ஆண்ட் ட்ரை தி பெர்ரீஸ்". தமிழ்ல "பழத்தப் பறிச்சு, தரம் பிரிச்சு, வெயில்ல காய வச்சு"னு ஒரே ஓட்டத்துல தான நாம சொல்லுவோம், "பறிச்சு, தரம் பிரிப்பாங்க, காய வச்சு"னு சொன்னா நமக்கே தட்டும். அந்தத் தட்டுதல் இங்க நல்லா உதவும். "நாட் ஒன்லி... பட் ஆல்சோ", "போத்... ஆண்ட்", "ஈதர்... ஆர்" வந்தா, ரெண்டு வார்த்தைக்கும் அடுத்து என்ன வகை வருதுனு மட்டும் பாருங்க, முதல் பக்கம் வெர்ப்னா ரெண்டாவது பக்கமும் வெர்ப், முதல் பக்கம் நவுன்னா அங்கயும் நவுன்.

எஸ்ஏடி எழுதறவங்களுக்கு இன்னொண்ணு, கமா. ரெண்டு முழு வாக்கியத்த வெறும் கமாவால ஒட்டக் கூடாது. "தி பஸ் ரீச்ட் ஏற்காடு லேட், தி ஷாப்ஸ் வேர் க்ளோஸ்ட்" தப்பு. நடுவுல செமிகோலன் போடலாம், முற்றுப்புள்ளி போடலாம், இல்ல கமா போட்டு ஸோ, பட், ஆண்ட் மாதிரி ஒரு இணைப்பு வார்த்தை சேக்கலாம். ஹவெவர், தேர்ஃபோர் இந்த மாதிரி வார்த்தைங்களுக்கு ரெண்டு வாக்கியத்த ஒட்டுற சக்தி கிடையாது, அதுக்கு முன்னாடி செமிகோலனோ முற்றுப்புள்ளியோ வேணும். ஆல்தோ போட்டா பட் வேண்டாம், ரெண்டுல ஒண்ணு போதும்.

இப்ப ஒரு முழு கேள்விய ஒண்ணா உக்காந்து போடலாம். "அன்லைக் சேலம், தி வெதர் ஆஃப் ஏற்காடு ரிமெய்ன் கூல் ஈவன் இன் மே." கமாவுக்கு அப்புறம் இருக்கிறது முழுசுக்கும் அடிக்கோடு. ஆப்ஷன்:

ஏ) தி வெதர் ஆஃப் ஏற்காடு ரிமெய்ன் கூல் ஈவன் இன் மே
பி) தி வெதர் ஆஃப் ஏற்காடு ரிமெய்ன்ஸ் கூல் ஈவன் இன் மே
சி) ஏற்காடு ரிமெய்ன்ஸ் கூல் ஈவன் இன் மே
டி) ஏற்காடு ரிமெய்னிங் கூல் ஈவன் இன் மே

ஆப்ஷன ஒவ்வொண்ணா முழுசாப் படிச்சு வாய்க்குள்ள சொல்லிப் பாக்க வேண்டாம். மேலருந்து கீழ பாருங்க, எங்க வித்தியாசப்படுதுனு மட்டும். ஒரு வித்தியாசம் வெர்ப்ல, ரிமெய்ன், ரிமெய்ன்ஸ், ரிமெய்னிங். இன்னொரு வித்தியாசம் எழுவாய்ல, வெதரா ஏற்காடா. முதல்ல வெர்ப். ஏ ஆப்ஷன்ல எது ரிமெய்ன் ஆகுது? வெதர், ஒருமை, எஸ் வேணும், ஏ அவுட். டில ரிமெய்னிங் மட்டும் இருக்கு, கூட ஈஸும் இல்ல வாஸும் இல்ல, ஐஎன்ஜி தனியா நின்னா அது பயனிலை ஆகாது, வாக்கியம் முடியவே இல்ல, டி அவுட். மிச்சம் பியும் சியும். பில வெர்ப் தப்ப சரி பண்ணிட்டாங்க, அதப் பாத்ததும் சந்தோஷத்துல பிய டிக் பண்றவங்க தான் அதிகம். வாக்கியத்தோட முதல் வார்த்தைய மறந்துட்டோம், அன்லைக். அன்லைக்குக்கு அந்தப் பக்கம் சேலம்ங்கிற ஊர், இந்தப் பக்கம் பில வெதர். ஊருக்கும் வெதருக்கும் ஒப்பீடு ஆகாது. சி ஆப்ஷன்ல ஊருக்கு ஊர், சரியா உக்காந்துடுச்சு. விடை சி.

இதுல கவனிக்க வேண்டியது, ஒரே வாக்கியத்துல ரெண்டு தப்பு வச்சிருந்தாங்க, ஒண்ணு எளிசா தெரியும், இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கும். எளிய தப்ப மட்டும் சரி பண்ணின ஆப்ஷன் ஒண்ணு கட்டாயம் இருக்கும், அது தான் வலை. அதனால விடைய டிக் பண்ணுறதுக்கு முன்னாடி, அத வாக்கியத்துல பொருத்தி முதல் வார்த்தைலருந்து ஒரு தடவை படிங்க, அஞ்சு செகண்ட் வேலை தான். ஒரு ஆப்ஷன வெட்டுறப்ப "ஏன் வெட்டுறேன்"னு ஒரே வார்த்தைல காரணம் சொல்ல முடியணும், எஸ் இல்ல, ஒப்பீடு தப்பு, ஆள் மாறிடுச்சு, இப்படி. "ஒரு மாதிரி இருக்கு"ங்கிறது காரணம் இல்ல. டான்செட் மாதிரி மார்க் குறைக்கிற பரீட்சைல, காரணத்தோட ரெண்டு ஆப்ஷன வெட்ட முடிஞ்சா மிச்சத்துல ஒண்ணப் போடுறது லாபம் தான், எதையுமே வெட்ட முடியலைனா விட்டுட்டுப் போயிடுங்க.

பழகுறதுக்குக் கேள்வி புக்குக்கு முன்னாடி இங்கிலீஷ் பேப்பர் போதும். எடிட்டோரியல்ல ஒரு பாரா எடுத்து, சக்கைத் துண்டுங்கள பென்சிலால அடிச்சு, வெர்புக்கு வட்டம், எழுவாய்க்கு கோடு, இத தினமும் பத்து நிமிஷம் பண்ணுங்க. அர்த்தம் பாதி புரியலைனாலும் பரவால்ல, நாம இங்க தேடறது எலும்புக்கூட மட்டும் தான். கொஞ்ச நாள்ல பென்சில் இல்லாமயே கண்ணு அடிக்கப் பழகிடும். அதுக்கப்புறம் பழைய கேள்விங்கள எடுங்க, தப்பாப் போனதுக்குப் பக்கத்துல அது எந்த வகைனு எழுதி வைங்க. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு வகைல தான் திரும்பத் திரும்ப அடி விழும், அத மட்டும் அடுத்த வாரம் பாத்தா போதும்.

டியூஷன் நோட்ஸ்ல சுத்துற சில குறுக்குவழியப் பத்தி சொல்லாம விட முடியல, ஏன்னா நல்லாப் படிக்கிற பசங்க அதால மார்க்க விடுறத நான் பாக்குறேன். "இருக்கிறதுலயே சின்ன ஆப்ஷன எடு", "பீயிங் வந்தா தப்பு", "பேசிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை) வந்தா தப்பு", இது மூணும் விதியே இல்ல. சில சமயம் பலிக்கும், பலிக்கிறதால நம்பிடுவோம், முக்கியமான கேள்வில கால வாரிடும். இந்த மூணுல கடைசியா சொன்ன பேசிவுக்கு ஒரு வாக்கியம் தர்றேன், விடையப் படிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க: "ஹேவிங் பீன் ப்ளக்ட் ஆண்ட் ட்ரைட், தி வொர்க்கர்ஸ் பேக் தி பெப்பர் இன் கன்னி பேக்ஸ்."

வெர்ப் பேக், எழுவாய் வொர்க்கர்ஸ், ரெண்டும் பன்மை, அங்க பிரச்சனை இல்ல. வாக்கியம் ஹேவிங்ல ஆரம்பிக்குது, அதனால கமாவுக்குப் போங்க. பறிச்சுக் காய வைக்கப்பட்டது எது? மிளகு. கமாவுக்கு அடுத்து நிக்கிறது? வேலை ஆளுங்க. அப்ப மிளக முன்னாடி கொண்டு வரணும், கொண்டு வந்தா வாக்கியம் "ஹேவிங் பீன் ப்ளக்ட் ஆண்ட் ட்ரைட், தி பெப்பர் ஈஸ் பேக்ட் இன் கன்னி பேக்ஸ் பை தி வொர்க்கர்ஸ்"னு ஆகும். முழுக்க பேசிவ், ஆக்டிவ விட நீளமும் கூட, அதுவே சரியான விடை.